படகுப் பங்கும் ஆள் பங்கும்

உக்காருங்க தம்பி. அந்த ஐஸ் பெட்டியக் கவுத்துப் போட்டு உக்காருங்க, தாங்கும். நான் கையை நிறுத்த முடியாது, தப்பா நெனக்காதீங்க. இந்த நெத்திலிய வெயில் இருக்கும்போதே புரட்டிப் போடணும். காக்காய மட்டும் ஒரு கண்ணு பாத்துக்கிட்டீங்கன்னா எனக்கு ஒத்தாசையா இருக்கும். கை அதுபாட்டுக்குப் புரட்டும், வாய் அதுபாட்டுக்குப் பேசும். பவுனம்மா வாய் ஓஞ்ச நாள் உண்டான்னு ஊர்ல கேட்டுப் பாருங்க, கிடையவே கிடையாதும்பாங்க.

நாட்டாமை எத்திராசு அண்ணன்தானே உங்களை இங்க அனுப்பிச்சாரு? தெரியும். "சட்டத்தப் பத்திக் கேக்கணும்னா பவுனுகிட்ட போ"ன்னு கையக் காட்டியிருப்பாரு. இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் என்னையக் காட்டிட்டு அவரு ஒதுங்கிக்கிறாரு. உங்க ஊர் பஞ்சாயத்துலயும் எங்க சட்டத்தக் கொண்டாரணும்னு பேச்சு வந்திருக்காக்கும். நல்லது. வடக்க ரெண்டு ஊரு ஏற்கெனவே கொண்டுபோயிட்டாங்க. எல்லா ஊர்லயும் அதுக்கு எங்க வீட்டு மனுஷன் பேரைத்தான் வச்சிருக்காங்க, இன்னார் சட்டம்னு. அந்தப் பேரை நான் சொல்லக் கூடாது. புருஷன் பேரு. இப்ப நடக்குற யுகத்துக்கு என்னா பேரு? அதுல முன்பாதி. ஆங், அதுதான். நீங்கதான் சொன்னீங்க, நான் சொல்லல. வேடிக்கையப் பாருங்க, ஊரே அந்தச் சட்டத்தப் பேரு சொல்லிக் கூப்பிடுது, அதைப் பெத்துப்போட்டவ என்னால கூப்பிட முடியல.

ஆதியிலேர்ந்து சொல்றேன். அப்பதான் உங்களுக்குப் புரியும்.

ஊர்ல ஒரு சாவு விழுந்தா, பொணம் எடுக்குற வரைக்கும் யாரும் கடல்ல எறங்கக் கூடாது. உங்க ஊர்லயும் அதுதானே? கடலோரம் பூராவும் அதுதான். கட்டுமரமா இருந்தாலும் சரி, எஞ்சின் வச்ச லாஞ்சா இருந்தாலும் சரி. மீறிப் போனா ஐந்நூத்தி ஒரு ரூவா அபராதம். இருக்கப்பட்டவன் இல்லாதவன்னு பாக்குறதில்ல, எல்லாத் தலைக்கட்டுக்கும் ஒரே அபராதம். அதுதான் நியாயம்னு நாங்களும் நெனச்சுக்கிட்டிருந்தோம். சாமிக்கு முன்னாடி எல்லாரும் ஒண்ணு இல்லியா, அதைப் போல.

ஒருக்கா வேம்புன்னு ஒருத்தன், கட்டுமரத்துக்காரன், சாவு விழுந்த அன்னிக்குக் கடலுக்குப் போயிட்டான். சேதி தெரியாம போனான்னு சிலபேர் சொன்னாங்க. தெரிஞ்சுதான் போனான், வீட்டுல அரிசி இல்லன்னு சிலபேர் சொன்னாங்க. எதுவா இருந்தா என்னா, திரும்பி வந்தப்ப மரத்துல கெடந்தது ஒரு கை சூடை மீனும் ரெண்டு சங்கராவும். ஐந்நூத்தி ஒண்ணு கட்டுடான்னாங்க. வலைய வித்துக் கட்டுனான். வலைய வித்தவன் கடல்ல போயி என்னா பண்ணுவான், கையாலயா புடிப்பான்? கரையில நின்னு அடுத்தவன் வலைய இழுத்துக் குடுத்து, அவன் போடுற மீனை வாங்கிட்டுப் போவான். ரொம்ப நாள் அப்படித்தான் கெடந்தான். நானும் பொம்பளைங்களோட நின்னு பாத்துட்டு, பாவம்னு சொல்லிட்டு வந்து சோத்தை வடிச்சேன். அது அப்ப.

எங்க வீட்டு மனுஷன் போனது மீன்பிடித் தடை முடிஞ்ச கையோட. தெரியுமே உங்களுக்கு, ரெண்டு மாசமா லாஞ்செல்லாம் ஆத்துல கட்டிக் கெடக்கும். வீட்டுக்கு வீடு கடன், வீட்டுக்கு வீடு அடகு. தடை எப்ப முடியும், எப்ப எறங்கலாம்னு ஊரே வாயைத் தொறந்துக்கிட்டு நிக்கும். எறங்குன மொத வாரம் படுற மீனு வருஷம் பூராவும் படாது. அந்த வாரமாப் பாத்து இந்த மனுஷன் கண்ண மூடிக்கிட்டாரு. உயிரோட இருக்கும்போதும் அப்படித்தான். ஏலம் மும்முரமா நடக்கும்போதுதான் இவருக்கு டீ வேணும்.

எனக்கு ஒரே மவன், கலைவாணன். தேசிங்குன்னு ஒரு மொதலாளி இருக்காரு, ரெண்டு லாஞ்சுக்காரரு. அவரு லாஞ்சுல எம் மவன் ஆளாப் போறான். அன்னிக்கும் விடிகாலையில ஐஸ் ஏத்திக்கிட்டு நின்னான். சேதி கேட்டுப் போட்டது போட்டபடி ஓடியாந்தான். அப்பன் காலைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தவன்தான், எந்திரிக்கல.

வாசல்ல பந்தல் போட்டாச்சு. மேளக்காரங்க வந்தாச்சு. எத்திராசு அண்ணன் நாற்காலியில உக்காந்து ஆளுங்களை ஏவிக்கிட்டிருக்காரு. அப்ப தேசிங்கோட கணக்குப்பிள்ளை வர்றான். துக்கம் கேக்க வர்றான்னு நெனச்சு நான் ஒப்பாரிய ஒசத்துறேன். அவன் நேரா அண்ணன்கிட்ட போயி ஒரு கவர நீட்டுறான். "மொதலாளி குடுக்கச் சொன்னாரு. ரெண்டு லாஞ்சுக்கும் அபராதம். எண்ணிக்குங்க."

அண்ணனுக்கு ஒண்ணும் புரியல. "என்னா அபராதம்டா?"

"இன்னிக்குக் கடலுக்குப் போறதுக்கு."

அவன் சொல்லி வாய மூடல, ஆத்துப் பக்கம் எஞ்சின் சத்தம் கேக்குது. நாங்க பொணத்தைச் சுத்தி உக்காந்து அழுதுக்கிட்டிருக்கோம், அது டபடபடபன்னு முகத்துவாரத்தத் தாண்டிப் போகுது. மேளக்காரங்களே ஒரு நிமிசம் கைய நிறுத்திட்டாங்க.

அதுல யார் யாரு போனாங்கன்னு கேளுங்க. என் சொந்த அக்கா மவன் முருகையன். சித்தப்பன் பாடைக்குத் தோள் குடுக்க வேண்டிய பய. பின்னாடி ஒரு நாள் வழியில மறிச்சுக் கேட்டேன், ஏண்டா போனன்னு. என்னா சொன்னான் தெரியுமா? "மொதலாளிதான் முன்னாடியே அபராதம் கட்டிட்டாரே சித்தி. தப்பு கழிஞ்சுபோச்சு"ங்குறான். செய்யுறதுக்கு முன்னாடியே கழிஞ்சுபோற தப்பு உண்டா தம்பி? நீங்க படிச்சவங்க, நீங்க சொல்லுங்க.

காக்காய ஓட்டுங்க. ஆங்.

நல்லதோ கெட்டதோ, எடுத்துக் காரியமெல்லாம் முடிச்சோம். கோயில் வாசல்ல ஊர் கூடுனாங்க, வழக்கம்போல கோயில் கணக்குப் பேச. தேசிங்கு சங்கதி பேச்சுலயே இல்ல. அதுதான் கட்டியாச்சே! எனக்கு அது தாங்கல. தாலி எறக்குனவ தெருவுக்கு வரக் கூடாது, அதுலயும் பொம்பளைங்க பஞ்சாயத்துல பேசக் கூடாது. ரெண்டு கூடாதையும் நான் ஒரே நாள்ல தாண்டுனேன்.

எத்திராசு அண்ணன் பதறிப்போயிட்டாரு. "பவுனு, என்னா இது? துக்க வீட்டுக்காரி வெளிய வரலாமா? போ, வீட்டுக்குப் போ."

"எங்க வீட்டுத் துக்கத்துக்கு வெலை போட்டு வாங்கி வச்சிருக்கீங்க. நான் கேக்காம வேற யாரு கேக்குறது?"

தேசிங்கு முன்வரிசையில உக்காந்திருந்தான். "அக்கா, நான்தான் கட்டிட்டேனே. கொறையா கட்டுனேனா? வேணும்னா எண்ணிப் பாருங்க"ன்னான்.

"நீ கட்டுனது அபராதமாடா? எம் புருஷன் பொணத்தத் தாண்டிப் போறதுக்கு டிக்கெட்டுல்ல வாங்கியிருக்க!"

எவனோ ஒருத்தன் சிரிச்சான். அப்புறம் எல்லாருமா சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. நான் வேம்புவக் கையக் காட்டுனேன். அவன் ஓரமா வேட்டிய இழுத்து மூடிக்கிட்டு நிக்கிறான். "அந்தா நிக்கிறான் பாருங்க. அவனுக்கு ஐந்நூத்தி ஒண்ணுன்னா அவன் வலை போச்சு. இவனுக்கு ஐந்நூத்தி ஒண்ணுன்னா ஒரு வேளை வெத்தலப் பாக்கு. ஒரே அடின்னு சொல்றீங்க, ஒருத்தனுக்கு எலும்பு முறியுது, ஒருத்தனுக்கு ஈ உக்காந்த மாதிரி இருக்கு. இது என்னா நாட்டாமை?"

அண்ணன் கைய விரிச்சாரு. "சரி, என்னாதான் பண்ணச் சொல்ற?"

"ரூவாயில வாங்காதீங்க. பாட்டுல, படுற மீனுல வாங்குங்க. சாவு அன்னிக்குக் கடலுக்குப் போனவன் மூணு நாள் பாட்டை ஊருக்குக் குடுக்கட்டும். மரத்துக்காரனா, மரத்துல பட்ட மூணு நாள் மீனு. லாஞ்சுக்காரனா, லாஞ்சுல பட்ட மூணு நாள் மீனு. அவனவனுக்குப் பட்டது அவனவன் அபராதம்."

யோசிச்சு வச்செல்லாம் சொல்லல தம்பி. அந்த நேரத்துக்கு வாயில வந்துச்சு. அந்த மனுஷனே வந்து நாக்குல உக்காந்து சொன்ன மாதிரி வந்துச்சு. ஆம்பளைங்க ஒருத்தரை ஒருத்தரு பாத்துக்கிட்டாங்க. வேம்பு அங்கேருந்தே என்னைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டான். அந்தக் கும்பிடு இன்னும் என் கண்ணுலயே நிக்குது.

தேசிங்கு எதுத்துப் பேசுவான், சண்டை போடுவான்னு பாத்தேன். அவன் வெத்தல வாயோட லேசாச் சிரிச்சான். "அக்கா சொன்னா சரிதான். துக்கத்துல கேக்குறாங்க. நான் கட்டுப்படுறேன்"னுட்டு எந்திரிச்சுப் போயிட்டான். அவ்வளவு சுலுவா ஒத்துக்குவான்னு யாரும் நெனக்கல. பயந்துட்டான். பவுனம்மா வாய்க்குப் பயந்துட்டான். வேற என்னா?

மறுநாளே ஆரம்பிச்சுச்சு அபராதம். லாஞ்சு கரைக்கு வருது, கூடை கூடையா எறாலு எறங்குது, கணவா எறங்குது, ஏலம் போகுது. ஏலக் காசு தேசிங்கு கைக்குப் போகல, நேரா நாட்டாமை மடிக்குப் போகுது. மூணு நாளும் கடற்கரையில போயி உக்காந்து பாத்தேன். தலையில துணியப் போட்டுக்கிட்டு ஓரமா உக்காந்து பாத்தேன். வயிறு குளுந்துபோச்சு தம்பி. இந்தா வாங்கிக்கய்யா, உனக்கு நான் வாங்கிக் குடுக்குறேன்னு மனசுக்குள்ள அவருகிட்ட சொல்லிக்கிட்டேன். நாப்பது வருசத்துல அந்த மனுஷனுக்குன்னு நான் எதுவும் வாங்கிக் குடுத்ததில்ல. அவருதான் எனக்கு வாங்குவாரு, பூவோ பொட்டலமோ.

லாஞ்சுலேர்ந்து ஆளுங்க வெறுங்கையோட எறங்கி வந்தாங்க. ஒருத்தரும் என் மூஞ்சியப் பாக்கல. செஞ்ச தப்புக்கு வெக்கப்படுறானுங்கன்னு நெனச்சேன். எம் மவனும் எறங்கி வந்தான். காரியம் முடிஞ்சதும் அவனும் வேலைக்குப் போயிட்டான், வீட்டுல அடுப்பெரியணும்ல. அவன் கையிலயும் பை காலி.

"கறி மீனு கூட எடுக்கலியாடா?"ன்னு கேட்டேன். கொழம்புக்கு ரெண்டு மீனு எடுத்துக்குறது ஆளுங்களுக்குக் காலங்காலமா உள்ள பாத்தியதை.

"கறி மீனும் பாட்டுலதானேம்மா சேத்தி"ன்னான். சொல்லிட்டுப் போயிட்டான்.

நீங்க எழுதுறத நிறுத்திட்டு என்னைப் பாக்குறீங்க. உங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. கடக்கரைப் புள்ளைதானே, புரியாம இருக்குமா? லாஞ்சுல பட்ட மீனு மொதலாளிக்கு மட்டும் சொந்தமில்ல. டீசல் செலவு, ஐஸ் செலவு போக மிச்சத்துல பாதி படகுப் பங்கு, அது மொதலாளிக்கு. பாதி ஆள் பங்கு, அதை வேலை செஞ்சவங்க பிரிச்சுக்கணும். அபராதம் பிரிக்கிறதுக்கு முன்னாடியே மொத்தமாப் போயிடுச்சு. அதுல பாதி தேசிங்குது, பாதி இவனுங்களுது.

ஏன், எனக்குத் தெரியாதா? கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து கூடை தூக்குறவ நான். பங்கு பிரிக்கிறது எப்படின்னு எனக்கு எவனும் பாடம் எடுக்க வேணாம். ஆனா அன்னிக்கு வாயில பாடுன்னுதான் வந்துச்சு. வந்தா வந்ததுதான். அதுவுமில்லாம, அவனுங்களும் தானே போனானுங்க? மொதலாளி போன்னா, போறதா? சரி, எம் மவன் அன்னிக்குப் போகல. அவன் ஒருத்தன் போகல. அதுக்குன்னு அவனுக்குத் தனியா ஒரு சட்டமா போட முடியும்?

தேசிங்கு அதோட விட்டானா? அந்த மூணு நாள் டீசலையும் ஐஸையும் அடுத்த வாரப் பாட்டுல ஆள் பங்குலேர்ந்து கழிச்சுட்டான். கேட்டதுக்கு, "ஊருக்குப் போன மீனைப் புடிக்க என் டீசலா எரியணும்?"னானாம். மொதலாளிப் புத்தி. அதுக்கும் எல்லாரும் என்னையத்தான் வஞ்சாங்க. அவனை ஒருத்தரும் வையல.

எங்க அக்கா என்கிட்ட பேச்சை நிறுத்திட்டா. முருகையன் பொண்டாட்டி தண்ணிக் குழாயில என் கொடத்தை நகத்தி வச்சா. லாஞ்சுல எம் மவனைக் கிண்டல் பண்ணியிருக்கானுங்க. சோறு போடும்போது, "கலைவாணா, உங்க ஆத்தா வாங்கிக் குடுத்த பங்கு, நல்லாச் சாப்புடு"ம்பானுங்களாம். மருமவ சுகந்திதான் சொன்னா. சுகந்தி தங்கமான பொண்ணு, இருந்தாலும் ஒரு நாள் என்கிட்டயே கேட்டுட்டா. அவ சங்கிலி தடைக் காலத்துல அடகுக்குப் போனது. இவன் வேலைக்குத் திரும்புன மொத வாரப் பாட்டுல மூட்டுறதா இருந்துச்சு. அது ஏலத்துக்குப் போயிடுச்சு. "எங்க அம்மா போட்டது அத்தை, அது ஒண்ணுதான் இருந்துச்சு"ன்னா. நகை இன்னிக்குப் போகும், நாளைக்கு வரும், போன மனுஷன் வருவாரான்னு கேட்டேன். அவ கொடத்தை எடுத்துக்கிட்டுத் தண்ணிக்குப் போயிட்டா. நான் கேட்டதுல ஒண்ணும் தப்பில்லியே?

அந்தா கோயில் கோபுரம் பளபளன்னு இருக்கு பாருங்க. அந்த மூணு நாள் பாட்டுலதான் வண்ணம் அடிச்சாங்க. வாசல்ல ஒரு கல்லு வச்சிருக்காங்க, உபயம் தேசிங்குன்னு. அபராதம்னா கல்லுல வெட்ட முடியும்? அதனால உபயம்னு வெட்டிட்டாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. வேம்பு படிச்சுக் காட்டுனான்.

ஆனா ஒண்ணு சொல்றேன், அதையும் எழுதிக்குங்க. அதுக்கப்புறம் எங்க ஊர்ல எந்தச் சாவு அன்னிக்கும் ஒரு லாஞ்சு ஆத்தை விட்டு எறங்குனதில்ல. மொதலாளி எறங்குடான்னாலும் ஆளுங்க எறங்க மாட்டேங்குறாங்க. ஒரு மரத்துக்காரன் ஒருக்கா போயிட்டான், பாவம். மூணு நாள் பாடுன்னு மூணு நாளும் கொஞ்சம் கொஞ்சம் சூடையக் கொண்டாந்து கோயில் வாசல்ல வச்சுட்டு, கையத் தொடச்சுக்கிட்டு வலையோட வீட்டுக்குப் போனான். வலையோட! வேம்பு காலத்துல நடக்குமா அது? அதனால சட்டம் நல்ல சட்டம். அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது.

இப்ப சொல்லப்போறத எழுதணும்னு இல்ல. சும்மா கேட்டுக்குங்க.

ஒரு மாசம் போயிருக்கும். மறுபடி ஊர் கூடுச்சு. எம் மவன் எந்திரிச்சான். அவன் கூட்டத்துல பேசி நான் பாத்ததே இல்ல, அப்பனாட்டம் வாயில்லாத புள்ளை. லாஞ்சு ஆளுங்கெல்லாம் அவனைத்தான் பேசச் சொல்லியிருக்காங்க. "சட்டம் நல்லதுதான். எங்கம்மா சொன்னது நியாயம்தான். அபராதத்தப் படகுப் பங்குல மட்டும் எடுங்க, ஆள் பங்கை விட்டுருங்க. போன்னு சொன்னவரு மொதலாளி. அவரு பாதியில அவரு கட்டட்டும். அப்பதான் எங்கம்மா கேட்டது நடக்கும். இப்ப நடக்குறது அவங்க கேட்டதில்ல"ன்னான்.

எத்திராசு அண்ணன் தலைய ஆட்டுறாரு. ஆம்பளைங்கெல்லாம் சரிதான் சரிதான்குறாங்க. தேசிங்கு மூஞ்சியில அன்னிக்குச் சிரிச்ச சிரிப்பு இல்ல.

நான் பின்னாடி பொம்பளைங்களோட நிக்கிறேன். எனக்குக் காதுல வேற எதுவும் விழல. பாதிய விட்டுருங்கன்னு சொன்னது மட்டும் விழுந்துச்சு. அப்பனுக்கு வாங்குனதுல பாதியத் திருப்பிக் குடுங்கன்னு மவன் கேக்குறான். என் வயிறு எப்படி எரிஞ்சிருக்கும், நீங்களே சொல்லுங்க. கூட்டத்த வெலக்கிக்கிட்டு முன்னாடி போனேன். "டேய், அப்பனை வச்ச எடத்துல மண்ணு காயல. அதுக்குள்ள தேசிங்குக்கு வக்காலத்து வாங்குறியா? எவ்வளவுடா குடுத்தான் உனக்கு?"

கேட்டுட்டேன். தாயி கேட்டா என்னா? வாய் இருக்கு, கேட்டேன்.

அவன் திரும்பி என்னைப் பாத்தான். கோவமாப் பாத்திருந்தாலும் பரவாயில்ல தம்பி. சின்னப் புள்ளையில ஒருக்கா அவனை மீன் கடையில விட்டுட்டு மறந்து பஸ் ஏறிட்டேன். திரும்பி ஓடி வந்தப்ப அங்க நின்னு பாத்தான் பாருங்க, அந்தப் பார்வை. துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு கூட்டத்த விட்டு நடந்தான். அப்பன் நடை அப்படியே.

அண்ணன், "இன்னிக்கு இது போதும், அந்தம்மா துக்கத்துல இருக்கு"ன்னு கூட்டத்தக் கலைச்சுட்டாரு. சட்டம் இருந்தபடியே இருந்துச்சு. நான்தான் ஜெயிச்சேன்.

அந்த வாரமே அவன் மங்களூர் தொழிலுக்குப் போயிட்டான். போகும்போது "வர்றேம்மா"ன்னு சொல்லல. மறந்திருப்பான், பஸ்ஸுக்கு நேரமாயிருக்கும். கொஞ்ச நாள்ல சுகந்தியையும் பேத்தியையும் அழைச்சுக்கிட்டான். பேத்தி போகும்போது என் முந்தானையப் புடிச்சுக்கிட்டு விடல, சுகந்திதான் விரலைப் பிரிச்சு எடுத்தா. அப்பன் தெவசத்துக்கு வருவான்னு வஞ்சிரம் சொல்லி வச்சிருந்தேன். வரல. அங்கேயே கடல்ல நின்னு தண்ணி எறைச்சுட்டானாம். எந்தக் கடலா இருந்தா என்னா, அவருக்குப் போய்ச் சேந்திருக்கும். இல்லியா? அங்க மேக்குக் கடலு, இங்க கிழக்குக் கடலு. தண்ணி ஒண்ணுதானே?

அங்க போனா எல்லாம் மருந்து வச்ச மாதிரி மாறிடுறானுங்க. தேசிங்கு ஏதாவது சொல்லிக் குடுத்திருப்பான். இல்லாட்டி சுகந்தி வீட்டுல சொல்லியிருப்பாங்க. புள்ளை தானா அப்படிப் பண்றவன் இல்ல. நான் பெத்தவ, எனக்குத் தெரியாதா?

முருகையன் போன பொங்கலுக்கு மங்களூர் போயிட்டு வந்தான். வாசல்ல நின்னுக்கிட்டே, உள்ள வராம சொன்னான். "சித்தி, கலை அண்ணன் சொல்லி விட்டுச்சு. சட்டத்த மாத்தட்டும், படகுப் பங்கு மட்டும்னு ஆகட்டும், நான் குடும்பத்தோட வந்துடுறேன்னு சொல்லச் சொன்னுச்சு." சொல்லிட்டுத் தண்ணி கூட குடிக்காமப் போயிட்டான்.

எத்திராசு அண்ணனுக்கும் சேதி போயிருக்கு. வந்தாரு. "பவுனு, ஊருக்குச் சம்மதம்தான். ஆனா இது சாவு வீட்டுல பொறந்த வார்த்தை. பொறப்பிச்ச வாய்தான் திருப்பி எடுக்கணும், ஊரு எடுக்கக் கூடாது. நீ கோயில் வாசலுக்கு வந்து, ஆமாம்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. மறுநாளு உம் மவன் பஸ்ல ஏறிடுவான்"னாரு. அப்புறமும் வந்தாரு. வரும்போதெல்லாம் அதையே சொல்றாரு. கோயிலுக்கும் என் வீட்டுக்கும் என்னா தூரம்? அந்தா தெரியுதே, அவ்வளவுதான். இன்னிக்கு உங்களை அனுப்பிச்சதும் அதுக்குத்தானோ என்னமோ. கேட்டா இல்லம்பாரு.

ராவுல படுத்தா பேத்தி மூஞ்சி வருது. இப்ப அதுக்குக் கன்னடம் பேச வருதாம். நான் பேசுனா அதுக்குப் புரியுமான்னு தெரியல.

என்னா கேட்டீங்க? உங்க ஊர்ல எப்படி எழுதிக்கிறதுன்னா?

எழுதுங்க, சொல்றேன். நல்லாக் கொட்டை எழுத்துல எழுதுங்க. சாவு அன்னிக்குக் கடலுக்குப் போனா மூணு நாள் பாடு அபராதம். கட்டுமரமா இருந்தா அவன் மரத்துல பட்டது. லாஞ்சா இருந்தா படகுப் பங்கு மட்டும். ஆள் பங்குல கைய வைக்கக் கூடாது. எழுதிட்டீங்களா? ஆள் பங்குல கைய வைக்கவே கூடாது. கறி மீனையும் தொடக் கூடாது. டீசலை மொதலாளி ஆளுங்க தலையில கட்டக் கூடாது, அதையும் தனியா எழுதுங்க. அன்னிக்கு லாஞ்சுல போகாதவன் எவனாவது இருந்தா, அவன் பங்கை மொதல்ல எடுத்து அவன் கையில குடுத்துடணும். ஆமா தம்பி, நான்தான் சொல்றேன். ஏன் அப்படிப் பாக்குறீங்க?

இங்கயா? இங்க மாத்த முடியாது.

எப்படி மாத்த முடியும்? நான் போயி ஆமாம்னு சொல்லிட்டா, அன்னிக்கு அவன் எந்திரிச்சுச் சொன்னது சரின்னு ஆயிடும். சரியானதைச் சொன்ன புள்ளையையா ஊரு முன்னாடி நிக்க வச்சு, எவ்வளவுடா வாங்குனன்னு நான் கேட்டேன்? பெத்தவ எவளாவது அப்படிக் கேப்பாளா? கேக்க மாட்டா. நானும் கேக்கல. அவன் தப்பாச் சொன்னான், அதனால கேட்டேன். அவன் சொன்னது தப்புதான் தம்பி. தப்பாவே இருந்துட்டுப் போகட்டும்.